புதிய தொலைக்காட்சியின் போர்ட்டுகளும் அவற்றுக்கேற்ற கேபிள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் புளோக்கிலும் உறவினர் வீடுகளிலும் புதிய தொலைக்காட்சி வந்து இறங்கினால், அதை இணைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்த அழைப்புகள் கூடும். கேள்விகள் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. சிங்கப்பூரில் வீவக (வீட்டுவசதி வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருப்பவர்களை மனத்தில் வைத்து, அந்தக் கேள்விகளையும் வீட்டுக்கு வீடு நான் சொல்லிவந்த பதில்களையும் எழுதிவைத்திருக்கிறேன்.

போர்ட்டுகளை எப்போது சரிபார்க்க வேண்டும்?

தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்பே சரிபார்த்துவிட வேண்டும். கடையிலிருந்து வரும் ஊழியர்கள் அடுத்த வீட்டுக்கு விரைய வேண்டியிருப்பதால், அட்டைப் பெட்டியைப் பிரித்து, தாங்கியைப் பொருத்தி, தொலைக்காட்சியைச் சுவரில் மாட்டி, படம் தெரிகிறது என்று காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு போர்ட், அதாவது கேபிள் செருகும் ஒரு துளை, வேலை செய்கிறது என்பதைத் தவிர அதனால் வேறெதுவும் உறுதியாவதில்லை.

என் வீட்டிலேயே இது நடந்தது. பெட்டியை மாட்டி மூன்று மாதங்கள் கழித்து ஒரு சவுண்ட்பார் (தொலைக்காட்சிக்கான நீண்ட ஒலிபெருக்கி) வாங்கி இணைக்கப் போனபோதுதான், அதற்கென ஒதுக்கப்பட்ட எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் வகை) போர்ட் உயிரில்லாமல் இருப்பது தெரிந்தது. உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டை மாற்றித் தர உத்தரவாதம் இருந்தது. 65 அங்குலப் பெட்டியைக் கழற்றி மீண்டும் மாட்டும் கூலிக்கு உத்தரவாதம் இல்லை. அன்றுமுதல் நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: பெட்டியை அதன் கால்களிலேயே ஓர் அலமாரியின்மீது இரண்டு நாள் நிற்க விடுங்கள், சுவரில் மாட்டுவதற்கு அதற்குப் பிறகு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன்பு, பின்புறத்தில் போர்ட்டுகள் இருக்கும் பகுதியைக் கைப்பேசியில் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. மாட்டிய பிறகு கையைச் சந்துக்குள் விட்டுத் தடவிப் பார்த்து எது எந்தப் போர்ட் என்று கண்டுபிடிக்கும் வேலை அதனால் மிச்சமாகும்.

ஒவ்வொரு போர்ட்டையும் சோதிப்பது எப்படி? சிறப்புக் கருவிகள் தேவையா?

தேவையில்லை. நன்றாக வேலை செய்கிறது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு செட்-டாப் பாக்ஸும் அதே போல நம்பகமான ஓர் எச்டிஎம்ஐ கேபிளும் போதும். கருவியையும் கேபிளையும் மாற்றாமல், முதல் போர்ட்டிலிருந்து கடைசிப் போர்ட் வரை ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் படமும் ஒலியும் வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டே போனால், பழுது போர்ட்டிலா கேபிளிலா என்பது கடைசிவரை தெரியாது. கேபிள் உள்ளே போன பிறகு லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது படம் விட்டுவிட்டு வந்தால், அந்தப் போர்ட்டின் பற்றவைப்பு தளர்ந்திருக்கக்கூடும்.

யுஎஸ்பி போர்ட்டுகளில் ஒரு பென் டிரைவைச் செருகி, அதில் உள்ள படங்கள் திறக்கின்றனவா என்று பார்க்கலாம். ஒலியை ஒளிக்கதிராக அனுப்பும் ஆப்டிகல் ஒலி போர்ட்டைச் சோதிப்பது இன்னும் எளிது: தொலைக்காட்சி ஓடும்போது அந்தத் துளையின் மூடியைத் திறந்தால் உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். கம்பிவழி இணையத்துக்கான லேன் போர்ட்டில் கேபிளைச் செருகி, அமைப்புப் பட்டியலில் கம்பி இணைப்பு கிடைத்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஆன்டெனா போர்ட்டுக்கு ஒளிவழிகளைத் தேடும் சோதனையே போதும்.

கேபிளைச் செருகும் முன்பும் கழற்றும் முன்பும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவது நல்ல பழக்கம். போர்ட்டுக்குள் போகமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும் கேபிளை ஒருபோதும் அழுத்திச் செருகாதீர்கள். எச்டிஎம்ஐ முனைக்குள் 19 தொடுமுனைகள் உள்ளன. அவற்றில் ஒன்று வளைந்தாலும் போதும், போர்ட் கெட்டுவிடும்.

என் தொலைக்காட்சியில் நான்கு எச்டிஎம்ஐ போர்ட்டுகள் உள்ளன. அவை எல்லாம் ஒன்றுதானே?

வடிவத்தில் ஒன்று, வேலையில் ஒன்றல்ல. இதை அறியாததால்தான் பாதிக் குழப்பங்கள் வருகின்றன. ஒவ்வொரு போர்ட்டின் அருகிலும் சிறிய எழுத்துகளில் ஏதோ அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதப்பட்டிருக்கும் போர்ட், தொலைக்காட்சியின் ஒலியைச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பவல்லது. பெரும்பாலான பெட்டிகளில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். '4கே 120 ஹெர்ட்ஸ்' (நொடிக்கு 120 முறை படம்) என்று எழுதப்பட்டிருப்பது வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்கானது. எதுவும் எழுதப்படாத போர்ட்டுகள் பெரும்பாலும் 4கே படத்தை நொடிக்கு 60 முறை வரை வாங்கக்கூடியவை; செட்-டாப் பாக்ஸுக்கு அது தாராளம்.

விளம்பரத்தில் 'எச்டிஎம்ஐ 2.1' என்று இருப்பதால் மட்டும் எல்லாப் போர்ட்டுகளும் முழு வேகத்தில் இயங்கும் என்று எண்ண வேண்டாம். 2017இல் வெளியான அந்தத் தரம் நொடிக்கு 48 ஜிகாபிட் வரை அனுமதிக்கிறது. ஆனால் அதில் உள்ள புதிய வசதிகள் பலவும் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. ஆகவே 18 ஜிகாபிட்டுக்கு மேல் தாங்காத ஒரு போர்ட்டையும் விதிக்கு உட்பட்டே 2.1 என்று அழைக்க இடமிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி 'இது 2.1ஆ?' என்பதன்று, '4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் எத்தனை போர்ட்டுகள் வாங்கும், அவை எவை?' என்பதே.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முழு வேகப் போர்ட்டுகள் இரண்டே இருக்கும் பல மாடல்களில், அவற்றுள் ஒன்றே இஏஆர்சி போர்ட்டாகவும் இருக்கிறது. சவுண்ட்பாரை அதில் இணைத்துவிட்டால், விளையாட்டுக் கருவிக்கு மிஞ்சுவது ஒரே ஒரு வேகமான போர்ட். பிள்ளைகள் இரண்டு கருவிகள் வைத்திருக்கும் வீட்டில் இது சண்டையில் முடியும் என்பதால், வாங்கும் முன்பே கையேட்டைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இறக்கிப் படித்துவிடுவது நல்லது. சாம்சங்கின் சில உயர்வகை மாடல்களில் போர்ட்டுகள் பெட்டியில் இருப்பதில்லை. தனியான ஓர் இணைப்புப் பெட்டியில் இருக்கும். அதிலிருந்து திரைக்குச் செல்லும் கேபிள் அந்நிறுவனத்துக்கே உரியது. கடையில் கிடைக்கும் வேறு எந்தக் கேபிளும் அதற்கு ஈடாகாது.

கடைக்காரர் '2.1 கேபிள்' வாங்கச் சொல்கிறார். கட்டாயம் தேவையா?

முதலில் பெயரைத் திருத்திக்கொள்வோம். பதிப்பு எண் கருவிகளுக்கானது. கேபிள்களை அவற்றின் வேக வகையால்தான் அழைக்க வேண்டும். அட்டையில் 2.0, 2.1 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைவிட, கீழ்க்காணும் மூன்று பெயர்களில் எது இருக்கிறது என்பதே முக்கியம். 'ஹை ஸ்பீடு' கேபிள் நொடிக்கு 10.2 ஜிகாபிட் வரை கடத்தும். 'பிரீமியம் ஹை ஸ்பீடு' 18 ஜிகாபிட் வரையும், 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' 48 ஜிகாபிட் வரையும் கடத்தும். பின்னைய இரண்டுக்கும் சான்றிதழ் ஒட்டுவில்லை உண்டு; அதில் உள்ள கட்டக் குறியீட்டை எச்டிஎம்ஐ அமைப்பின் செயலியால் வருடிப் பார்த்தால், அது அசல்தானா என்று தெரிந்துவிடும்.

இனி உங்கள் கருவி எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்போம். முழு எச்டி படத்துக்கு ஹை ஸ்பீடு கேபிளே மிகை. 4கே படம் 30 ஹெர்ட்ஸில் வந்தால் ஏறத்தாழ 9 ஜிகாபிட் தேவைப்படுவதால், பழைய ஹை ஸ்பீடு கேபிளே சமாளித்துவிடும். அதே படம் 60 ஹெர்ட்ஸில் வரும்போது தேவை 17.8 ஜிகாபிட் ஆகிவிடும். இங்குதான் பிரீமியம் கேபிள் வேண்டியிருக்கிறது. 120 ஹெர்ட்ஸ் என்றால் 30 ஜிகாபிட்டைத் தாண்டும். அதற்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு தவிர வேறு வழியில்லை.

ஆக, செட்-டாப் பாக்ஸில் தமிழ் ஒளிவழிகளையும் செயலிகளில் திரைப்படங்களையும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு அல்ட்ரா கேபிள் கட்டாயமன்று. 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் தரும் விளையாட்டுக் கருவி இருந்தால் கட்டாயம். ஆனால் பிளேஸ்டேஷன் 5 போன்றவற்றின் பெட்டிக்குள்ளேயே அந்தக் கேபிள் வந்துவிடுகிறது என்பதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்வதில்லை. 2025இல் 96 ஜிகாபிட் வேகத்துக்கான 2.2 தரமும் வெளியாகியிருக்கிறது. வரவேற்பறைக்கு அதைத் தேடி இப்போது அலைய வேண்டியதில்லை.

விலை உயர்ந்த, தங்க முலாம் பூசிய கேபிளால் படம் மேலும் தெளிவாகுமா?

ஆகாது. எச்டிஎம்ஐ கடத்துவது மின்னிலக்கத் தகவல். அது முழுமையாக வந்து சேர்ந்தால் பத்து வெள்ளிக் கேபிளிலும் நூறு வெள்ளிக் கேபிளிலும் ஒரே படம்தான். வந்து சேராவிட்டால் நிறம் மங்குவதில்லை. திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் ஒரு நொடி கறுத்துத் திரும்பும், அல்லது படமே வராது. தங்க முலாம் துருப்பிடிப்பதைத் தடுக்கும் என்பது உண்மை; நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு அது சிறு நன்மையும்கூட. ஆனால் இப்போது மலிவான கேபிள்களிலும் அது இருக்கிறது.

எவ்வளவு நீளமான கேபிள் வாங்கலாம்? சுவருக்குள் மறைத்துக் கொண்டுபோகும் எண்ணம் இருக்கிறது.

தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். அதே நேரத்தில் இழுத்துக் கட்டியது போலவும் இருக்கக் கூடாது. சுவரில் மாட்டிய பெட்டியைச் சற்று முன்னே இழுக்க முடிகிற அளவுக்குத் தளர்வு இருந்தால் போதும். செப்புக் கம்பியில் வேகம் கூடக் கூடச் செல்லக்கூடிய தொலைவு குறைகிறது. 18 ஜிகாபிட் வேகத்துக்கு 5 மீட்டர் வரையிலும், 48 ஜிகாபிட்டுக்கு 3 மீட்டர் வரையிலும் நல்ல செப்புக் கேபிள்களை நம்பலாம். அதற்கு மேல் போனால், உள்ளே கண்ணாடியிழை கொண்ட ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள்தான் நல்லது. அதற்குத் திசை உண்டு என்பதை மறக்க வேண்டாம்: ஒரு முனை கருவிக்கு, மறுமுனை திரைக்கு என்று எழுதியிருக்கும். தலைகீழாக இணைத்துவிட்டுக் கேபிள் பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்ற ஒருவரை எனக்குத் தெரியும்; அவர் நான்தான்.

புது வீட்டுக்குச் சாவி வாங்கியவர்கள் தொலைக்காட்சிக்கென ஓர் அலங்காரச் சுவர் எழுப்பி, அதற்குள் குழாய் பதித்துக் கேபிள்களை மறைக்க விரும்புகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒப்பந்தக்காரர்கள் பலர் மின்கம்பிக்குப் போடும் அதே குறுகிய குழாயையே இதற்கும் போட்டு, தச்சு வேலையை முடித்து, சாயமும் அடித்துவிடுகிறார்கள். எச்டிஎம்ஐ போர்ட்டில் நுழையும் உலோகப் பகுதியே ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் அகலம். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தலை இன்னும் அகலமானது. 20 மில்லிமீட்டர் குழாயின் உள்விட்டம் அதைவிடக் குறைவு என்பதால், அந்தத் தலை உள்ளே போகவே போகாது. போனாலும் வளைவில் சிக்கிக்கொள்ளும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே, நீங்கள் வாங்கப் போகும் கேபிளின் தலையை அளந்து, அதற்குத் தாராளமாக இடம் விடும் குழாயைக் கேளுங்கள். செங்கோண வளைவுகளுக்குப் பதிலாக அகன்ற வளைவுகள் வேண்டும் என்றும் சொல்லுங்கள். குழாய்க்குள் ஓர் இழுகயிற்றை விட்டுவைக்கச் சொல்வதும் பயன்படும், ஏனென்றால் இன்று பதிக்கும் கேபிளை ஆறேழு ஆண்டுகளில் எப்படியும் மாற்றப் போகிறீர்கள். இன்று முழு வேகம் தேவைப்படாவிட்டாலும் அல்ட்ரா கேபிளையே வாங்குங்கள் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான். சுவரை மறுபடியும் உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால் கேபிளின் விலை ஒரு பொருட்டன்று. பதித்த கேபிளைச் சுவரை மூடுவதற்கு முன்பே ஒருமுறை இணைத்துப் படம் பார்த்துவிடுங்கள்.

தொலைக்காட்சியின் மின்கம்பியை மட்டும் இந்தக் குழாய்க்குள் விட வேண்டாம். திரைக்குப் பின்னால் தனி மின்செருகி வேண்டுமென்றால், எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அதைப் பொருத்த வேண்டும்.

சுவரில் ஒட்டினாற்போல் மாட்டும்போது, பின்னோக்கி இருக்கும் போர்ட்டில் செருகிய கேபிள் சுவரில் முட்டி வளையும். பக்கவாட்டுப் போர்ட்டுகள் அதிகமுள்ள மாடலைத் தேர்வது முதல் தீர்வு. செங்கோண முனையுள்ள கேபிள் அடுத்தது. மேல்நோக்கி வளைவது, கீழ்நோக்கி வளைவது என்று அதில் இரு வகை இருப்பதால், பின்புறத்தைப் படம் எடுத்துக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வசந்தம் ஒளிவழியைப் பார்க்கத் தனிப் பெட்டி தேவையா? ஆன்டெனாவை எந்தப் போர்ட்டில் செருகுவது?

தனிப் பெட்டி தேவையில்லை. சிங்கப்பூரில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரித் தொடக்கத்தில் முடிந்து, அதுமுதல் இலவச ஒளிவழிகள் அனைத்தும் மின்னிலக்க வடிவில் மட்டுமே வருகின்றன. அதற்கான டிவிபி-டி2 என்னும் தரத்தைப் புரிந்துகொள்ளும் டியூனர் (ஒளிவழிகளைப் பிடித்துத் தரும் பகுதி), இங்கு விற்பனைக்கு வரும் தொலைக்காட்சிகளுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை: தொலைக்காட்சி போலவே தோற்றமளிக்கும் ஸ்மார்ட் மானிட்டர்கள் பலவற்றில் டியூனர் இருப்பதில்லை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் டியூனர் வேறு தரத்துக்கானதாக இருக்கக்கூடும். வட்டமான, நடுவில் சிறு துளையுள்ள, அழுத்திச் செருகும் ஆன்டெனா போர்ட் இருக்கிறதா என்றும், கையேட்டில் டிவிபி-டி2 குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்தால் ஐயம் தீரும்.

அந்தப் போர்ட்டுக்குத் தேவை 75 ஓம் கோஆக்சியல் கேபிள். உங்கள் கேபிளின் முனை திருகும் வகையாக இருந்தால், அழுத்திச் செருகும் வகைக்கு மாற்றும் சிறு அடாப்டர் மின்பொருள் கடைகளில் கிடைக்கும். உள்வீட்டு ஆன்டெனா என்றால் யுஎச்எஃப் அலைவரிசைக்கானதை வாங்கி, சன்னலுக்கு அருகில் வையுங்கள். தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்கு மேல் வைப்பதைத் தவிருங்கள். பிறகு அமைப்பில் நாடு என்பதில் சிங்கப்பூரையும், மூலம் என்பதில் கேபிள் அல்லாமல் ஆன்டெனாவையும் தேர்ந்தெடுத்துத் தானியங்கித் தேடலை ஓட்ட வேண்டும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று கூப்பிடுபவர்களில் பலர் அந்த இரண்டாவது தேர்வைத்தான் தவறவிட்டிருப்பார்கள். பெருக்கி உள்ள ஆன்டெனாதான் சிறந்தது என்றும் எண்ண வேண்டாம். புக்கிட் பாத்தோக்கில் ஒளிபரப்புக் கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்குப் பெருக்கியே இடைஞ்சலாகலாம், ஏனெனில் மிதமிஞ்சிய அலையையும் டியூனரால் சமாளிக்க முடியாது.

ஆன்டெனாவே வேண்டாம் என்பவர்கள் மீவாட்ச் செயலியில் வசந்தத்தை நேரலையாகப் பார்க்கலாம். இருந்தாலும், ஒரே பொத்தானை அழுத்திச் செய்தி பார்க்கப் பழகிய பாட்டி தாத்தா உள்ள வீட்டில் ஆன்டெனாதான் நிம்மதி.

சவுண்ட்பாரை எச்டிஎம்ஐ வழியாக இணைப்பதா, ஆப்டிகல் வழியாகவா?

இரண்டும் இருந்தால் எச்டிஎம்ஐதான். ஏஆர்சி வழியில் இணைத்தால், தொலைக்காட்சியின் ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் ஒலியளவையும் மாற்றலாம். இரண்டும் சேர்ந்தே இயங்கத் தொடங்கும். ஆப்டிகல் கேபிள் சாதாரண ஸ்டீரியோவையும் சுருக்கப்பட்ட 5.1 சுற்றொலியையும் கடத்தும். மேலிருந்தும் ஒலி வருவது போலத் தோன்றவைக்கும் டால்பி அட்மாஸ் அதில் வராது. ஏஆர்சியில் செயலிகள் தரும் சுருக்கப்பட்ட அட்மாஸ் வரும். இஏஆர்சியிலோ புளூரே வட்டில் உள்ள இழப்பில்லாத ஒலியும் வரும். உங்கள் வீட்டில் புளூரே கருவி இல்லையென்றால் ஏஆர்சிக்கும் இஏஆர்சிக்கும் இடையில் நீங்கள் கேட்கக்கூடிய வேறுபாடு குறைவு. அதற்காகவே சவுண்ட்பாரை மாற்ற வேண்டியதில்லை.

இணைத்தும் ஒலி வரவில்லையென்றால் கேபிளைக் குறைசொல்லும் முன் அமைப்புப் பட்டியலைப் பாருங்கள். ஏஆர்சி இயங்க, கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் சிஇசி வசதி பெரும்பாலும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சாம்சங் எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் வெவ்வேறு பெயர்களில் அழைக்கின்றன.

ஆப்டிகல் கேபிளையே பயன்படுத்துவதானால், அதன் இரு முனைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள். நிறமற்ற மூடி கண்ணுக்கே தெரிவதில்லை.

எல்லாம் சரியாக இணைத்தும் 4கே படம் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் போர்ட்டும் கேபிளும் நன்றாகவே இருக்கும். போர்ட் குறைந்த வேகத்தில் இயங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். பழைய கருவிகள் குழம்பக் கூடாது என்பதற்காகப் பல தொலைக்காட்சிகள் அப்படித்தான் ஆலையிலிருந்து வருகின்றன. சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' என்ற இடத்துக்குச் சென்று, உங்கள் கருவி இணைந்திருக்கும் போர்ட்டுக்கு மட்டும் உயர்நிலையைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு காரணம் எச்டிசிபி 2.2 என்னும் உரிமைக் காப்பு. கருவிக்கும் திரைக்கும் இடையில் பழைய ஆடியோ ரிசீவரோ மலிவான எச்டிஎம்ஐ பிரிப்பானோ இருந்து, அது அந்தக் காப்பை அறியாததாக இருந்தால், 4கே படத்துக்குப் பதிலாகக் குறைந்த தரப் படமோ கறுப்புத் திரையோ வரும். இடையில் உள்ளதை நீக்கி நேராக இணைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

பழைய விசிஆரையும் டிவிடி கருவியையும் புதிய பெட்டியில் இணைக்க முடியுமா? திருமண வீடியோ டேப் இருக்கிறது.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று வட்ட முனைகளுக்கான இடம் புதிய பெட்டிகளில் குறைந்துகொண்டே வருகிறது. சிலவற்றில் அது ஒரே சிறு 3.5 மில்லிமீட்டர் துளையாகச் சுருங்கிவிட்டது. அதற்கான அடாப்டர் அட்டைப் பெட்டிக்குள் இருந்தால் உண்டு. வெளியில் வாங்கும் அடாப்டர்களில் உள்தொடர்புகளின் வரிசை வேறுபடுவதால், மஞ்சளைச் செருகினால் படத்துக்குப் பதில் இரைச்சல் வருவதும் உண்டு. அப்போது மூன்று முனைகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். மூன்றுக்கும் இடமே இல்லாத பெட்டிக்கு, அந்த முனைகளில் வரும் ஏவி சிக்னலை எச்டிஎம்ஐயாக மாற்றும் சிறு பெட்டி சிம் லிம் சதுக்கம் போன்ற இடங்களில் கிடைக்கும். வாங்கும்போது திசையைச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் பெட்டியும் அதே தோற்றத்தில்தான் இருக்கும். டேப்பைப் பொறுத்தவரை, பெரிய திரையில் அது மங்கலாகவே தெரியும். நாடா பூஞ்சை பிடிப்பதற்குள் அதை மின்னிலக்கமாக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்வதே என் யோசனை.

யுஎஸ்பி போர்ட் எதற்கெல்லாம் உதவும்?

படம், பாடல், வீடியோக் கோப்புகளைத் திறக்க உதவும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த டிரைவில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. பெரிய கோப்புகளுக்கு எக்ஸ்ஃபேட் முறையை உங்கள் பெட்டி ஏற்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்பியர் மட்டுமே தரக்கூடியது என்பதால், ஸ்ட்ரீமிங் குச்சிகளை அதிலிருந்து இயக்கினால் அவை அடிக்கடி மறுதொடக்கம் ஆகலாம். அவற்றோடு வரும் மின்செருகியையே பயன்படுத்துங்கள்.

லேன் கேபிள் போட்டால் வைஃபையைவிட வேகமாக இருக்குமா?

வேகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது, நிலையாக இருக்கும். பல தொலைக்காட்சிகளின் லேன் போர்ட் இன்னமும் நொடிக்கு 100 மெகாபிட் வகைதான். வீட்டுக்குள் கண்ணாடியிழை இணைப்பு எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தப் போர்ட் அதற்கு மேல் வாங்காது. நல்ல வைஃபை அதைத் தாண்டலாம். ஆனால் 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட் மட்டுமே. எனவே ரூட்டர் பக்கத்தில் இருந்தால் ஒரு சாதாரண கேட் 5இ வகை லேன் கேபிளைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். கேட் 8 என்று விலை கூட்டி விற்பதை வாங்குவது வீண்.

கைப்பேசியை யுஎஸ்பி-சி கேபிளால் இணைத்தால் படம் வருமா?

கைப்பேசியைப் பொறுத்தது. யுஎஸ்பி-சி முனை இருப்பதால் மட்டும் படம் வெளியே வராது. படத்தை வெளியே அனுப்பும் டிஸ்பிளேபோர்ட் வெளியீடு அதில் இருக்க வேண்டும். ஐபோன் 15 முதலான மாடல்களிலும் மடிக்கணினிகள் பலவற்றிலும் அது உண்டு, மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் இல்லை. இருந்தால், யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிள் ஒன்றே போதும்.

பின்புறத்தில் அட்டை செருகும் அகலமான துளை ஒன்று இருக்கிறதே?

அது சிஐ துளை. சில நாடுகளில் கட்டண ஒளிவழிகளைத் திறக்கும் அட்டைக்கானது. இங்குள்ள இலவச ஒளிவழிகளுக்குத் தேவைப்படாது.

போர்ட் ஒன்று பழுது என்று தெரிந்தால் என்ன செய்வது?

உடனே, எழுத்தில், கடைக்குத் தெரிவியுங்கள். பழுதைக் காட்டும் காணொளியையும் சேர்த்து அனுப்புங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள குறைபாட்டுப் பொருள் விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, அது வந்தபோதே இருந்ததாகக் கருதப்படும்; இல்லை என்று நிறுவுவது விற்பவரின் பொறுப்பு. பழுதுபார்ப்பையோ மாற்றுப் பொருளையோ முதலில் கேட்கலாம். அவை நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டால் விலைக் குறைப்பையோ பணத்தையோ கேட்க இடமுண்டு. பேச்சு பலிக்காதபோது பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கு மேல் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கிறது. ரசீதையும் அட்டைப் பெட்டியையும் சில வாரங்களாவது வைத்திருங்கள். இடமில்லாத வீட்டில் அது சிரமம்தான், கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

பழைய தொலைக்காட்சியை என்ன செய்வது?

புதியதைக் கொண்டுவந்து இறக்கும்போதே, அதே வகையான பழைய பொருள் ஒன்றைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது 2021 ஜூலை முதல் கடைகளுக்கு விதி. வாங்கும்போதே அதைச் சொல்லிவையுங்கள். அவர்கள் தூக்குவதற்கு முன் பழைய பெட்டியின் பின்னால் செருகியிருக்கும் ஆன்டெனா கேபிளைப் பிடுங்கி எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பெட்டியோடு அனுப்பிவிட்டு, அன்று மாலையே இரவுச் செய்திக்கு முன்னால் தேக்காவில் கேபிள் தேடி அலைந்தவர்கள் எங்கள் புளோக்கில் மட்டும் மூவர்.